நாவலில் இல்லாத தம்பி

காலையில் மனைவி சித்தியவானுக்குக் கிளம்பினாள். அவள் தங்கை மகளுக்கு வளைகாப்பு. எனக்கு ரெஸ்ட் டே. ஆறு நாள் கையுறைத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, ஏழாம் நாள் பெண்கள் கூட்டத்தில் போய் சர்பத் கிளாஸோடு உட்கார என்னால் ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தப் புக்க இன்னைக்காவது முடிச்சிருங்க. எட்டு மாசமா ஒரே புக்கு. பாத்தாலே எனக்கு ஒரு மாதிரியா இருக்கு," என்றாள். சரியென்று தலையாட்டினேன்.

மிச்சம் இருந்தது நாற்பத்திரண்டு பக்கம். வேகமாகப் படிப்பவர்களுக்கு அது ஒரு மணி நேர வேலை, எனக்கு ஒரு நாள். கதவைச் சாத்தி, காப்பி கலக்கிக்கொண்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எதிரே அக்காவின் சாய்வு நாற்காலி. அக்கா போய் நான்கு வருஷம் ஆகிறது. நாற்காலியை இன்னும் யாரும் நகர்த்தவில்லை. மனைவி அதைச் சுற்றித்தான் பெருக்குவாள். துணி காயப்போட இடமில்லாத மழை நாளில்கூட அதன் முதுகில் ஒரு துண்டைப் போட மாட்டாள்.

முதல் பக்கத்தை முடித்துப் புரட்டினேன். எதிரிலிருந்து கேட்டது.

"பெறகு?"

கேட்டது என்று எழுதுகிறேன், அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேய் பிசாசில் நம்பிக்கை உள்ள ஆள் இல்லை நான். தொழிற்சாலையில் என் வேலையே கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு எங்கே ஓட்டை என்று பார்ப்பதுதான். இருபது வருஷமாக அதைச் செய்து செய்து, யார் எதைச் சொன்னாலும் முதலில் ஓட்டையைத் தேடும் புத்தி வந்துவிட்டது. ஆனால் எட்டு மாதமாக, இந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்தைப் புரட்டும்போதும் அந்த ஒரு சொல் கேட்கிறது. மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் மந்திரித்த கயிற்றோடு வந்து நிற்பாள்.

அது அக்காவின் சொல். அவளுக்கு நான் இந்த நாவலைப் படித்துக் காட்டிய நாட்களில், மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினாலும் "பெறகு?" என்பாள். படித்துக் காட்டினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால் நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. எனக்கு அப்போது தமிழ் படிக்கத் தெரியாது.

நாங்கள் பிறந்தது சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் டவுனுக்குப் போக வேண்டும், டவுனுக்கு ஒரே ஒரு வேன்தான். அக்கா ஆறாம் வகுப்பை முடித்த அதே வருஷம் எனக்கு ஒன்றாம் வகுப்பு சேரும் வயது. நான் பேசாமல் தோட்டத்துப் பள்ளிக்கு நடந்தே போயிருக்கலாம், நாங்கள் இருந்த லயத்து வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் மலாய்ப் பள்ளியில் படித்தவனுக்குத்தான் உத்தியோகம் என்று யாரோ அப்பா காதில் போட்டுவிட்டார்கள். வேனில் எங்களுக்குக் கிடைத்தது ஓர் இடம். அப்பா அதை எனக்குக் கொடுத்தார். வகுப்பில் முதலாவதாக வந்த அக்கா, அம்மாவோடு வேலைக்காட்டுக்குப் போனாள். பதினைந்து வயதில் மருந்துத் தொட்டியை முதுகில் தூக்கிக்கொண்டு புல்லுக்கு மருந்தடித்தாள். இதைப்பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

பேசாமல் இருந்துவிட்டாளே தவிர, படிப்பதை விடவில்லை. மத்தியானம் மரத்தடியில் மங்குத் தூக்கில் கொண்டுபோன சோற்றை ஒரு கையில் தின்றுகொண்டே இன்னொரு கையில் நாவலைப் பிடித்திருப்பாள். தோட்டத்தில் ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்து, ஆட்களைக் குறைத்து, லயங்களை இடித்தபோது ஈப்போவுக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். கல்யாணம் கூடி வரவில்லை. வரும்போது அவள் கொண்டு வந்தது ஒரு பெட்டி துணி, நான்கு பெட்டி புத்தகம். எல்லாவற்றுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பழுப்புத்தாள் அட்டை போட்டிருப்பாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மருந்தடிக்கும் வேலையில் ஒரு நிரை, அதாவது ஒரு வரிசை மரம், முடிந்தால் கடைசி மரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார்கள். அடுத்த சுற்று வரும்போது பக்கத்தில் இன்னொரு கோடு. எந்த நிரைக்கு எத்தனை முறை அடித்தாயிற்று என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அக்கா அதையே புத்தகத்துக்கும் வைத்துக்கொண்டாள். ஒரு நாவலைப் படித்து முடித்தால் கடைசி வெற்றுத் தாளில் பென்சிலால் ஒரு கோடு, மறுபடி படித்தால் மறுபடி ஒன்று. ஆறு ஏழு கோடு விழுந்த புத்தகங்களும் உண்டு. கோடு இல்லாத நிரை முடியாத நிரை என்பாள்.

இனிப்புநீர் வியாதி முதலில் அவள் சிறுநீரகத்தைத் தின்றது, பிறகு கண்ணை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கடைவீட்டு மாடியில் இருந்த அந்த சென்டரில் அவளை ஏற்றி விட்டுவிட்டு, நான் கீழே காரில் சீட்டைச் சாய்த்துத் தூங்குவேன். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவனுக்கு நான்கு மணி நேரத் தூக்கம் சும்மா கிடைத்த மாதிரி. கண் முழுசாகப் போன பிறகு ஒரு நாள், அக்கா கைப்பையிலிருந்து இந்த நாவலை எடுத்து நீட்டினாள். நடுவில் கிளினிக் அட்டையை அடையாளமாக வைத்திருந்தாள். "இதுவரைக்கும் படிச்சிட்டேன் தம்பி. மிச்சத்த நீ படிச்சுக் காட்டு," என்றாள்.

எனக்குத் தமிழ் படிக்க வராது என்பதை நான் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. முடிவெட்டும் கடையில் தமிழ்ப் பேப்பரை விரித்துப் படம் பார்ப்பேன். கோவில் கூட்டத்தில் நோட்டீஸைக் கையில் கொடுத்தால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன். எழுத்துகள் தெரியும், கடைப் பெயர்ப்பலகையை நின்று கூட்டிக்கூட்டிப் படித்துவிடலாம். முந்நூறு பக்க நாவல் பெயர்ப்பலகையா? அக்காவுக்கு இந்தப் பக்கம் ஒரு சீன ஆச்சி, அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், இரண்டு பேரும் குழாயோடு படுத்திருந்தார்கள். அந்த வாத்தியார் காதுபடக் கூட்டிக்கூட்டிப் படிக்க எனக்கு மானம் இடம் தரவில்லை. முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அக்கா முன்கதையைச் சொன்னாள். காவிரிக்கரையில் ஓர் ஊர். அங்கே ஒரு வீட்டுக்கு மருமகளாக வருகிறாள் ஒருத்தி. புருஷன் வடக்கே வேலைக்குப் போனவன் கடிதம் போடவில்லை. மாமியார் அவளோடு பேசுவதில்லை. ஒரு நாள் அவள் அந்த வீட்டை விட்டுக் கிளம்பலாமா என்று யோசிக்கிறாள். அட்டை இருந்த இடம் அது. நான் புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வானொலிச் செய்தி வாசிப்பவர் மாதிரி குரலைக் கனமாக்கி, வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டேன்.

காவிரியை நான் கண்டேனா, அதன் கரையைக் கண்டேனா? நான் கண்டதெல்லாம் சிலிம் ரிவர். அதனால் அந்த மருமகள் விடிகாலையில் எழுந்து மைலோ கலக்கிக் குடித்தாள். ரப்பர் மரத்து ஊடே நடந்தாள். அட்டை கடித்த காலில் புகையிலையை வைத்து அழுத்தினாள். நான் நிறுத்துவேன். அக்கா "பெறகு?" என்பாள். ஒரே ஒரு முறை மட்டும் கேட்டாள்.

"அந்த ஊர்லயும் ரப்பர் மரம் இருக்கா தம்பி?"

"எழுதியிருக்கு லா. நான் என்ன செய்ய?"

"இல்ல, தெரியாமத்தான் கேட்டேன். பெறகு?"

வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை இருமல் என்று நினைத்தேன்.

பத்து நாளில் என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. ஆனால் கதையை முடிக்கவும் முடியவில்லை, ஏனென்றால் அக்கா அடிக்கடி கையை நீட்டி, மிச்சப் பக்கங்களை இரண்டு விரலால் பிடித்து எவ்வளவு கனம் இருக்கிறது என்று பார்ப்பாள். பக்கம் தீரும்வரை கதையை ஓட்டியாக வேண்டும். அந்த நெருக்கடியில்தான் மருமகளுக்கு ஒரு தம்பியைக் கொண்டு வந்தேன். சின்ன வயதில் பிரிந்து போனவன். பள்ளிக்கூட வேனில் ஏறிப் போனவன். எப்படி வந்தான் என்று எனக்கே தெரியாது. ஒரு வாக்கியத்தில் வந்து போகட்டும் என்றுதான் விட்டேன். அக்கா அவனைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஊசி குத்தி முடித்ததும் முதல் கேள்வி அதுதான்: "அந்தத் தம்பி வந்தானா?"

அவனை வர வைக்காமல் இருக்க முடியவில்லை. கப்சாய் மோட்டார் சைக்கிள் ஒன்றில் ஏற்றி ஊர் ஊராக அக்காவைத் தேட விட்டேன். மழையில் நனைய வைத்தேன். கடைசி நாளன்று, பக்கங்கள் இரண்டு மூன்றாகக் குறைந்தபோது, அவன் அக்கா இருக்கும் வீட்டு வாசலில் வந்து வண்டியை நிறுத்தினான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று நான் யோசித்து வைக்கவில்லை. வாயைத் திறந்தபோது வந்தது இதுதான்.

"அக்கா, வேன்ல ஒன் எடத்துல நான் போயி உக்காந்துட்டேன்க்கா."

செய்தி வாசிக்கும் குரல் எங்கேயோ போய்விட்டது. என் சொந்தக் குரலில் சொன்னேன். எந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா கேட்டாள்.

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அதோட கதை முடியுது."

"சொல்லியிருப்பா லா," என்றாள் அக்கா. "எழுதுனவருக்குக் கேட்டிருக்காது."

புத்தகத்தை மடியில் வைக்கச் சொன்னாள். வைத்துவிட்டுக் காரை எடுக்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது மிஸ்ஸி, இங்கே நர்ஸுகளை அப்படித்தான் கூப்பிடுவோம், அக்காவிடமிருந்து தன் பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தாள். ஏதோ ஃபாரத்தில் கையெழுத்து என்று நினைத்தேன். அதற்கு அடுத்த மாதம் அக்கா போய்விட்டாள்.

மரண அறிவிப்பு தமிழ்ப் பேப்பரில் வந்தது. அக்காவின் படம், அதற்குக் கீழே பதினெட்டு வரி. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்கள். நான் படத்தைப் பார்த்தேன். அவளைப்பற்றி அச்சில் வந்தது அவ்வளவுதான், அதைக்கூட அவள் தம்பியால் படிக்க முடியவில்லை. கருமக்கிரியை முடிந்த மறுநாள் அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டே ஆரம்பித்தேன். எழுத்து எழுத்தாக, பிறகு சொல் சொல்லாக. நாற்பத்தெட்டு வயதில் இது என்ன கூத்து என்று தோன்றும். விடவில்லை. அவள் பழைய வாரப் பத்திரிகைகளைத் தின்று தீர்த்தேன். மூன்று வருஷம் ஆயிற்று, ஒரு நாவலைத் தொடலாம் என்ற தைரியம் வர.

தைரியம் என்று சொன்னாலும் பயம்தான் அதிகம். அக்காவின் கடைசிப் புத்தகத்தை நான் திருடிவிட்டேன் என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை. வேனில் இடம் போனது அப்பா செய்தது என்றாவது சொல்லலாம். இது நான் செய்தது. கண் தெரியாதவள் ஆசையாகக் கேட்ட கதையை எடுத்துக்கொண்டு, அதன் இடத்தில் மைலோவையும் கப்சாயையும் வைத்து ஏமாற்றி அனுப்பிவிட்டேன். அந்தப் பாதியில் உண்மையில் என்னதான் இருந்தது, அவளுக்குக் கிடைக்காமல் போனது என்ன என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் ரெஸ்ட் டேயில் மட்டும், இந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து படிக்கிறேன்.

கிளினிக் அட்டை இருந்த பக்கத்தைத் தாண்டிய நாளிலிருந்து அந்தத் தம்பியைத் தேடினேன். இல்லை என்று தெரியும், நான் பெற்ற பிள்ளை அவன். ஆனாலும் புதிதாக யார் கதவைத் தட்டினாலும் அவனாக இருக்குமோ என்று அடுத்த வரியைத் தேடுவேன். இன்றைக்கும் அப்படியே. சந்தில் ஒரு கப்சாய் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். தபால்காரர். பத்துப் பக்கம் கழித்து இன்னொன்று, கேஸ் கொண்டு வரும் ஆள். மழை பிடித்துக்கொண்ட பிறகு மூன்றாவதாக ஒன்று வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றது. எழுந்து போய்த் திரையை விலக்கிப் பார்த்தேன். யாரோ மழைக்கோட்டு மாட்ட நிறுத்தியிருந்தான், மாட்டிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்து உட்கார்ந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், நானே இட்டுக்கட்டிய ஒருவனுக்கு நான் பயந்துகொண்டிருந்தேன். வந்தால் அவனிடம் என்ன பதில் சொல்வேன்?

மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். நான்கு மணிக்குமேல் கடைசிப் பக்கம் வந்தது. கதையில் அந்த மருமகள் வீட்டைவிட்டுக் கிளம்பவே இல்லை. மாமியார் படுக்கையில் விழுகிறாள், இவள்தான் பார்க்கிறாள். புருஷன் கடிதம் வரவில்லை. அண்ணன் தம்பி என்று அவளுக்கு யாரும் கிடையாது. மாமியார் செத்த பிறகு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறாள், ஒவ்வொரு சாயங்காலமும் வாசல் கதவைத் திறந்து வைக்கிறாள், பிறகு மூடுகிறாள். யாரும் வரவில்லை. அப்படியே முடிகிறது.

பக்கத்தைப் புரட்டினேன். "பெறகு?" கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அழுகையும் கோபமுமாக வந்தது. இதையா அவள் இழந்தாள்? இதை வாசித்துக் காட்டியிருந்தால் டயாலிசிஸ் நாற்காலியில் குழாயோடு படுத்திருந்தவள் என்ன ஆகியிருப்பாள்? ஆனாலும் அது அவள் புத்தகம், எப்படி முடிந்தாலும் அவளுக்கு உரியது. இப்படி என்னையே திட்டிக்கொண்டு புத்தகத்தை மூடப் போனேன். பழுப்புத்தாள் அட்டையின் மடிப்பு கழன்று வந்தது. அதைச் சொருகுவதற்காகக் கடைசித் தாளைத் தூக்கினேன்.

வெற்றுத் தாளில் பென்சிலால் இரண்டு கோடுகள். கட்டை விரல் நீளம், நேராக, பக்கத்தில் பக்கத்தில்.

நம்ப முடியவில்லை. வேறு புத்தகமோ என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை, இதேதான். கண் இருந்த காலத்தில் அக்கா இந்த நாவலை முழுசாக இரண்டு முறை படித்திருக்கிறாள். பாதிதான் படித்தேன் என்று என்னிடம் பொய் சொல்லி, நடுவில் ஓர் அட்டையைச் சொருகிக் கொடுத்திருக்கிறாள். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவளுக்கா தெரியாது? நான் வேனில் ஏறிய முதல் நாளே தெரியும். காரில் போய்ப் படுத்துவிடும் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை போலிருக்கிறது. யாரும் வராத கதை என்று தெரிந்துகொண்டே, தம்பி வந்தானா, தம்பி வந்தானா என்று கேட்டிருக்கிறாள்.

மூன்றாவதாக ஒரு கோடும் இருந்தது. அது பென்சில் இல்லை, நீலப் பேனா. தாளின் நடுவில் எங்கேயோ தொடங்கி, கோணலாக இறங்கி, தாளைத் தாண்டி, பழுப்புத்தாள் மடிப்பின் மேலும் ஓடியிருந்தது. கண் தெரியாத கை அழுத்திப் போட்ட கோடு. பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுப்படுகிறது.

நான் சொன்ன கதைக்கும் கோடு போட்டிருக்கிறாள்.

எவ்வளவு நேரம் தடவிக்கொண்டே இருந்தேன் என்று தெரியவில்லை. மழை விட்டுவிட்டது. என் படிப்புக்கு ஒரு கோடு போடலாம் என்று பேனாவைக்கூட எடுத்தேன். பக்கத்தில் போட இடம் இருந்தது. மனம் வரவில்லை, மூடி வைத்துவிட்டேன். அப்போது கைப்பேசி அடித்தது. மனைவி. வளைகாப்பு நன்றாக நடந்ததாம், கிளம்பிவிட்டாளாம், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

"புக்கு?"

"முடிச்சிட்டேன்."

"அப்பாடா. கடைசில என்னதான் ஆச்சு?"

எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்தேன்.

"தம்பி வந்துர்றான்," என்றேன்.